சந்தேசம்

என் தமக்கையின் மகனுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று சாயங்காலமே அவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான். "மாமா, நீங்கள் பதினோரு வருஷம் அங்கே இருந்தவர்கள். எங்கே சாப்பிடலாம், எதை எதைப் பார்க்கலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றான். அரை மணி நேரத்து வேலை என்று எண்ணி எழுத உட்கார்ந்தேன். மூன்று நாட்கள் கழிந்தும் காகிதத்தில் நாலு வரிக்குமேல் ஏறவில்லை. ஊர் மறந்து போகவில்லை. ஷியாம்பஜாரின் சந்துகளும் கங்கைத் துறைகளும் இன்றும் கண்ணை மூடினால் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு பெயரை எழுதும்போதும், என் நாக்குக்கு இனித்தது இவன் நாக்குக்கும் இனிக்கும் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம், என் மனம் அடங்கிய இடத்தில் இவன் மனமும் அடங்கும் என்பதற்கு என்ன பிரமாணம் என்ற கேள்வி எழுந்து பேனாவைத் தடுத்துவிட்டது.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். பலகாரக் கடைக்கு வழி சொல்வதற்குத் தர்க்க சாஸ்திரம் எதற்கு என்று வாசகர்கள் நினைக்கவும் கூடும். ஆயினும் ஒருவன் தன் அனுபவத்தில் கண்டதைச் சொல்லினால் மற்றொருவனுக்குக் கொடுக்க முடியுமா என்பது சமயங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் வினா. கண்டவர் சிலர், கேட்டவர் பலர், கேட்டவர்கள் கண்டவர்களின் சொல்லை நம்பித்தான் நடக்கிறார்கள். அந்த நம்பிக்கை அறிவு ஆகுமா என்று நம் முன்னோர் நூற்றாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஒப்பமாட்டேன் என்றான் சார்வாகன். காட்சியும் அனுமானமும் போதும், பிறர் சொல் தனிப் பிரமாணம் ஆகாது என்றனர் பௌத்தரும் வைசேஷிகரும். காட்சி, கருதல், உரை என மூன்றையும் கொண்டது நம் சைவ சித்தாந்தம். கௌதமரின் நியாய சாஸ்திரமோ பிரத்தியக்ஷம், அனுமானம், உபமானம் ஆகிய மூன்றோடு ஆப்தனுடைய உபதேசத்தையும் நான்காவதாக வைத்தது.

அந்த ஆப்தன் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் அந்த நியாய நூலுக்கு எழுதிய பாஷ்யத்தில் கூறும் இலக்கணத்தை நான் வியக்காத நாள் இல்லை. பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்கு உணர்த்த வேண்டும் என்ற விருப்பமும் இருக்க வேண்டும். அவ்வளவே. அதற்குமேல் அவர் ஒரு சொல் சேர்க்கிறார்: இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்கிறார். சாஸ்திரக்காரர் ஒருவர் அறிவின் வாசலை அவ்வளவு அகலமாகத் திறந்து வைத்ததை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்த இலக்கணத்தின் இரு பக்கத்தையும் நான் கல்கத்தாவில் இறங்கிய முதல் இரண்டு நாட்களிலேயே கண்டேன். ஹௌரா நிலையத்தில் ஒரு வண்டிக்காரர் மிகுந்த அன்போடு என் பெட்டியை எடுத்துக்கொண்டு, நல்ல விடுதி என்று ஓரிடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அன்று இரவு மூட்டைப்பூச்சியோடும் புளித்த பருப்போடும் போராடிய பிறகுதான், என்னைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு அவருக்குத் தரகு உண்டு என்று தெரிந்தது. அவருக்குப் பொருள் நன்றாகத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லும் விருப்பம் இல்லை. ஆகவே அவர் ஆப்தர் அல்லர். மறுநாள் காலை ஷியாம்பஜார் செல்லும் டிராம் வண்டியில், அரைகுறை ஹிந்தியில், பசிக்கு எங்கே போகலாம் என்று நடத்துநரைக் கேட்டேன். அவர் என் நெற்றியையும் வேஷ்டியையும் பார்த்துவிட்டு, "மாமிசம், மீன் கூடாதல்லவா?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஐந்து தெருக்கள் கூடும் சந்திப்புக்கு அருகே ஒரு சந்தின் பெயரைச் சொன்னார், கடைக்குப் பெயர் இல்லை, அரசமரத்தடியில் அடுப்பு எரியும் என்றார். போனேன். கரியேறிய வாணலியில், உளுந்தும் பெருங்காயமும் அரைத்து உள்ளே வைத்த கசோரிகள் ஒவ்வொன்றாக உப்பி எழுந்து மிதந்தன. சால இலைத் தொன்னையில் இரண்டைப் போட்டு, தோலோடு நறுக்கி வேகவைத்த உருளைக்கிழங்குக் குழம்பை மேலே ஊற்றிக் கொடுத்தார்கள். இலையின் வாசனை சூட்டில் கிளம்பிக் குழம்போடு கலந்தது. பிறகு மண் குவளையில் தேநீர். குடித்து முடித்ததும் குவளையைக் கூடையில் எறிந்து உடைத்துவிட வேண்டும். அந்த நடத்துநருக்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. வாத்ஸ்யாயனரின் லக்ஷணம் முழுவதும் அவரிடம் இருந்தது.

மறுநாளும் அதே வண்டியில் அவரைக் கண்டேன், நன்றி சொன்னேன். அவர் மகிழ்ந்து, "அப்படியானால் தக்ஷிணேசுவரத்துக்குப் போங்கள். பகலில் போகாதீர்கள், அந்திக்குச் சற்று முன்னால் போய்ப் பஞ்சவடித் தோப்பில் சும்மா உட்காருங்கள்" என்றார். கசோரிக் கடையை அவர் சொன்னபடி கண்டிராவிட்டால் இந்த இரண்டாவது சொல்லை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். இதில் நியாய நூலின் நுட்பமான ஒரு வாதம் அப்படியே அடங்கியிருக்கிறது. ஆப்த வாக்கியத்தைக் கௌதமர் இரண்டாகப் பிரிக்கிறார்: இங்கேயே பரீட்சித்துப் பார்க்கத் தக்க பொருளைப் பற்றியது திருஷ்டார்த்தம், இங்கே பார்க்க முடியாததைப் பற்றியது அதிருஷ்டார்த்தம். ஆயுர்வேதம் சொன்ன மருந்து நோயைத் தீர்ப்பதைக் கண்ணால் காண்கிறோம். ஆகவே அதைச் சொன்னவர்கள் ஆப்தர்கள். அத்தகைய ஆப்தர்கள் காணாத பொருளைப் பற்றிச் சொன்னதும் ஏற்கத் தக்கது என்று வேதத்தின் பிராமாண்யத்தை அவர் நிலைநாட்டுகிறார். கசோரி திருஷ்டார்த்தம், பஞ்சவடியில் அந்தியில் கிடைக்கும் அமைதி ஏறக்குறைய அதிருஷ்டார்த்தம். முன்னதில் பொய்க்காதவரைப் பின்னதிலும் நம்பினேன். நம்பிக்கை என்பது பெரும்பாலும் இப்படித்தான், வயிற்றின் வழியாக ஏறி மனத்துக்கு வருகிறது என்பது என் துணிபு.

தமிழர்கள் இதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள். பத்துப்பாட்டில் செம்பாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொருவனைக் கண்டு, தான் போன வழியையும் அந்த வழியில் கிடைக்கும் உணவையும் சென்று சேர வேண்டிய நகரத்தையும் சொல்லி அனுப்புகிறான். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்னும் அரசனிடம் செல்லும் பாணனுக்கு, எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயிற்றியர் இடும் புளிச்சோறும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும் முன்கூட்டியே சொல்லப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குப் போகிறவன் அந்தணர் வீட்டில் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் வெந்த மாதுளங்காயையும் மாவடுவையும் பெறுவான். சொல்கிறவன் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. போய், உண்டு, பெற்று வந்தவன். தன் யாழைப் போன்றதொரு யாழைத் தூக்கிக்கொண்டு பசியோடு வருகிறவனைக் கண்டு மனம் இளகிச் சொல்கிறான். ஆப்தனுக்கு இதைவிட நல்ல சித்திரம் எந்த நூலில் இருக்கிறது? இந்த இலக்கிய மரபை நக்கீரர் எடுத்து, அரசன் இருந்த இடத்தில் முருகனை இருத்தித் திருமுருகாற்றுப்படை பாடினார். அது பதினோராந் திருமுறையிலும் சேர்ந்தது. சோற்றுக்கு வழி சொன்ன வாய்ப்பாட்டையே வீட்டுக்கு வழி சொல்லவும் கையாண்டார்கள். இரண்டும் ஒரே தர்மம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வடமொழியில் இதற்கு ஈடாகச் சந்தேச காவியங்களைச் சொல்லலாம். காளிதாசனுடைய யக்ஷன் மேகத்துக்கு வழி சொல்லும்போது, சுற்றுவழியானாலும் உஜ்ஜயினியைப் பார்க்காமல் போகாதே என்று வற்புறுத்தி, மகாகாளருடைய சந்தியா பூஜை வரையில் அங்கே தங்கச் சொல்கிறான். டிராம் நடத்துநர் எனக்குச் சொன்னதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

சந்தேசம் என்றால் செய்தி. வங்காளத்தில் அந்தச் சொல்லுக்கே ஒரு தித்திப்பும் உண்டு. பாலைத் திரித்து எடுத்த சேனாவைச் சர்க்கரையோடு கிளறிச் செய்யும் பலகாரத்துக்குச் சந்தேஷ் என்று பெயர். உறவினர் வீட்டுக்கு நல்ல செய்தி கொண்டு போகிறவர்கள் அதையும் கையில் கொண்டு போனதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். வட கல்கத்தாவில் ஹேதுவாவுக்கு அருகே, ராம்துலால் சர்க்கார் தெருவில், கிரீஷ் சந்திர தே – நகுர் சந்திர நந்தி என்று இருவர் பெயரால் வழங்கும் பழைய கடை ஒன்று இருக்கிறது. விவேகானந்தர் பிறந்த வீடு அங்கிருந்து நடந்து போகும் தூரம். சந்தேஷ் செய்கிறவர்கள் சேனாவை உள்ளங்கையின் அடியால் மரப்பலகையில் தேய்த்துத் தேய்த்து வெண்ணெய் போல ஆக்கி, வாணலியில் இட்டு மரத்துடுப்பால் கிளறி, சங்கு, மீன், மாங்காய் என்று செதுக்கிய மர அச்சுகளில் அழுத்தி எடுப்பார்கள். அதிரசத்துக்குப் பாகு பார்க்கும் நம் பாட்டிமார்களுக்கு இருந்த கவனம் அந்தக் கைகளில் இருக்கிறது; அங்கேயும் இளம்பாகு, கடும்பாகு என்று இரண்டு பதம் உண்டு.

இந்தச் சந்தேஷ்தான் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி, இரவெல்லாம் சொட்டிய பதநீரை விடியலில் காய்ச்சிப் புதுவெல்லம் எடுப்பார்கள். நொலேன் குர் என்று அதற்குப் பெயர். அதைச் சேர்த்துச் செய்த சந்தேஷ் இளஞ்சிவப்பாக, லேசான புகை மணத்தோடு இருக்கும். என் நண்பர் ஒருவர் கயையில் தகப்பனாருக்குப் பிண்டம் போட்டுவிட்டுக் கல்கத்தா வழியாகத் திரும்பப்போவதாகச் சொன்னபோது, நான் அந்தச் சுவையை ஒரு மணி நேரம் வர்ணித்து, கடையின் அடையாளத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் போனது ஆனி மாதம். கொட்டுகிற மழையில், முழங்கால் தண்ணீரில் நடந்து கடைக்குப் போய், அந்தச் சந்தேஷ் இல்லை என்று கேட்டு, வேறு எதையும் வாங்க மனமின்றித் திரும்பிவிட்டார். திரும்பி வந்து என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. "நான் போனபோது அது இல்லை" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மெய்யும் ஆகவில்லை. காலத்தைச் சொல்லாமல் விட்டேன். என் ஆசையின் வேகத்தில், எனக்கு இனித்தது எக்காலத்துக்கும் எல்லாருக்கும் இனித்துக் கிடக்கும் பொருள் என்று பேசிவிட்டேன். அதைவிடப் பெரிய குற்றம், அவர் அங்கே காண வேண்டிய சுவையை நான் இங்கேயே வர்ணித்து வைத்துவிட்டதால், எதிரே கண்ணாடிக்குள் இருந்த இருபது வகைப் பலகாரங்களும் அவர் கண்ணில் படாமல் போனதுதான்.

சொல்லில் அடங்காத சுவையைப் பற்றித் தக்ஷிணேசுவரத்து ஸ்ரீராமகிருஷ்ணர் கூறியது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி, பாதுர்பாகானில் இருந்த ஈசுவரசந்திர வித்யாசாகரின் இல்லத்துக்குச் சென்றார். அங்கே ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்னவற்றுள் ஒன்றைக் கேட்டு, இது எனக்குப் புதிது என்று பெரும் பண்டிதரான வித்யாசாகர் மகிழ்ந்தார். வேதம், புராணம், தந்திரம் எல்லாம் மனிதர் வாயால் உச்சரிக்கப்பட்டு எச்சிலாகிவிட்டன. எச்சிலாகாதது பிரம்மம் ஒன்றே, அது என்ன என்று எவராலும் வாயால் சொல்ல முடிந்ததில்லை என்பது அதன் சாரம். நெய்யின் சுவை எப்படி என்று கேட்டால் நெய்யைப் போல என்றுதானே சொல்ல முடியும் என்று கேட்டவரும் ஸ்ரீராமகிருஷ்ணரே. அவருடைய தத்துவமெல்லாம் நாக்கின் அனுபவத்திலேயே வேரூன்றி நிற்கிறது. வயிறு நிறைந்த பிறகும் ஜிலேபிக்கு மட்டும் இடம் உண்டு, கூட்டம் எவ்வளவு நெருங்கி இருந்தாலும் கவர்னர் வண்டிக்கு வழி விடுவதில்லையா என்று குழந்தையைப் போல் மகிழ்ந்தவர் அவர்.

அப்படியானால், நான் மருமகனுக்கு எழுதிக் கொடுக்கப்போவதும் எச்சில்தானே என்ற எண்ணம் என்னைச் சில நாள் வருத்தியது. நான் உண்டு கழித்த சுவையின் மிச்சத்தைச் சொல்லாக்கி அவன் இலையில் இடுகிறேன். இதற்குச் சமாதானம் எனக்குக் காளத்தி மலையிலிருந்து கிடைத்தது. வேடர் திண்ணனார் இறைச்சியைப் பதமாகக் காய்ச்சி, ஒவ்வொரு துண்டையும் தம் பல்லால் அதுக்கிச் சுவை பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் இறைவனுக்கென்று இலையில் எடுத்து வைத்தார். ஆகம விதிப்படி பூசித்த சிவகோசரியாருக்கு அது சகிக்க முடியாத அபசாரம். ஆறு நாளில் அந்த எச்சிலின் பெருமையைச் சிவபெருமானே அவருக்குக் காட்ட வேண்டியதாயிற்று. தான் சுவை பார்க்காததைக் கொடுக்க மனம் வராத அன்பு அது. ஒரு கடையைச் சொல்கிறவன், ஒரு கோயிலைச் சொல்கிறவன், ஒரு நூலைச் சொல்கிறவன் எல்லாரும் எச்சில்தான் படைக்கிறார்கள். தாமே மென்று பார்த்துக் கசப்பை விலக்கி, எதிரில் இருப்பவனுக்காக எடுத்து வைத்தார்களா, அல்லது மென்றதைக் காட்டிக்கொள்வதற்காக வைத்தார்களா என்பதில்தான் வேற்றுமை இருக்கிறது.

வழியே கேளாமல் திரிய வேண்டும், தானே கண்டதுதான் அனுபவம் என்று சொல்லும் இளைஞர்களும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். குமார்டுலியில் குயவர்கள் வைக்கோலைக் கட்டிக் களிமண் பூசித் துர்க்கையின் கையை வனைந்துகொண்டிருப்பதை நான் ஒருவரும் சொல்லாமல், வழி தவறித்தான் கண்டேன். ஆயினும் அந்தத் தெருவிலிருந்து வெளியே வர ஒரு கிழவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பெரிய நகரத்தில் பத்து அடி நடப்பதற்குள் பிறர் சொல்லில் கை வைத்துத்தான் ஆக வேண்டும்; சார்வாகனும் ஹௌரா பாலத்துக்கு வழி கேட்டுத்தான் போவான்.

கேட்பவன் யார் என்று பார்ப்பதும் சொல்கிறவனுடைய கடமை. சாஸ்திரங்கள் அதை அதிகாரி பேதம் என்கின்றன. எங்கள் மாடியில் குடியிருந்த வங்காளப் பிராமணர் ஒருவர், என்னிடம் கொண்ட உண்மையான பிரியத்தால், கடுகு அரைத்துப் போட்டு வேகவைத்த ஹில்சா மீனை ஒரு நாளாவது நான் உண்ண வேண்டும் என்று எத்தனையோ முறை மன்றாடியிருக்கிறார். காளிக்குப் பலியிட்ட ஆட்டிறைச்சியையே வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைத்துவிட்டால் அதை நிராமிஷம் என்று வழங்குகிற ஊர் அது. அவருடைய ஆசாரம் எனக்கு வியப்பு. என்னுடையது அவருக்கு வியப்பு. மூன்றாம் வருஷத்தில் அவர் தாமாகவே மீனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, வாழைப்பூவைத் தேங்காயோடு வதக்கித் தம் மனைவி செய்த கறியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். என்னை அறிந்துகொண்டு கொடுத்தார். அந்த வாழைப்பூவின் ருசி எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

நான்காம் நாள் மருமகனுக்கு எழுதி முடித்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. முதல் மாதம் லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் விடுதிகளில் சாப்பிட்டுக்கொள். வயிறு அந்த ஊர்த் தண்ணீருக்குப் பழகட்டும். பிறகு காலையில் ஷியாம்பஜார். அரசமரத்தடியில் அடுப்பு இருந்தால் உட்கார், இல்லாவிட்டால் எதிரே வரும் டிராம் நடத்துநரைக் கேள். தக்ஷிணேசுவரத்தில், ராணி ராஸமணி 1855இல் எழுப்பிய ஒன்பது சிகரக் கோயிலைத் தரிசித்துவிட்டுப் படகில் பேலூர் மடத்துக்குப் போ. மாலை ஆரத்திக்கு முன்னால் போய்ச் சேர். சந்தேஷ் பற்றிக் கடையின் தெருவையும் கார்த்திகைக்குப் பின் என்ற காலத்தையும் மட்டும் எழுதினேன். எப்படி இருக்கும் என்று எழுதவில்லை. "மாமா, என்ன ருசி என்று சொல்லவில்லையே?" என்றான். "போய்த் தெரிந்துகொள்" என்றேன்.

கடைசி வரியாகக் காசிப்பூர் தோட்ட வீட்டை எழுதினேன். 1885 டிசம்பரில் தொண்டைப் புற்றுநோயோடு ஸ்ரீராமகிருஷ்ணரை அங்கே கொண்டுவந்தார்கள்; மறு வருஷம் ஆகஸ்டு 16ஆம் தேதி அங்கேதான் உடலை நீத்தார். ஜிலேபிக்கு மகிழ்ந்த அந்தத் தொண்டையில் கடைசி மாதங்களில் கஞ்சியும் இறங்கவில்லை. நரேந்திரர் முதலான சீடர்கள், சிறிதாவது உண்ணும் சக்தியைத் தருமாறு காளித் தாயிடம் கேளுங்கள் என்று அவரை வற்புறுத்தினார்கள். கேட்டுவிட்டு வந்து அவர் சொன்ன செய்தி, என் மூன்று நாள் கேள்விக்கு நான் அறிந்த ஒரே விடை: இத்தனை வாய்களால் நீதானே உண்கிறாய் என்று தாய் சீடர்களையெல்லாம் சுட்டிக் காட்டினாளாம், அதற்குமேல் கேட்க வெட்கமாகப் போயிற்று என்றாராம்.

அவர் இருந்த அறை அந்த வீட்டின் மாடியில் இருக்கிறது. ஜனவரி 1ஆம் தேதி அங்கே கல்பதரு உற்சவம்; கூட்டம் தாங்காது. அதற்கு ஒரு வாரம் முன்போ பின்போ, சாதாரணமான ஒரு நாளில் போங்கள். நொலேன் குர் சந்தேஷும் அப்போது கிடைக்கும்.